நித்திரை வராத இரவுகள்

பரீட்சைக்கு முதல் நாளோ, ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்த நாளோ நித்திரை வராமல் போவது நோயல்ல. படுக்கப் போதிய நேரம் இருந்தும் வாரத்தில் 3 இரவுகளாவது நித்திரை கெட்டு, பகலில் களைப்பும் எரிச்சலும் சேர்ந்து, இது 3 மாதங்களுக்கு நீடித்தால் அதுவே நாட்பட்ட நித்திரையின்மை.

காரணங்கள் பல. கவலை, மனச்சோர்வு, மூட்டுவலி, நெஞ்செரிவு, தைரொயிட் சுரப்பி அதிகமாகச் சுரத்தல், மாதவிடாய் நிற்கும் பருவம் போன்றவை தெரிந்தவை. இரும்புச்சத்துக் குறைந்தாலும் சிலருக்கு இரவில் கால்கள் ஓய்வின்றி உளையும். கனடாவில் வாழும் எமக்கு இரவு வேலையும் உண்டு. இங்கே இரவாகும்போது ஊரில் விடிவதால் படுக்கும் நேரத்தில் தொலைபேசியும் உண்டு. தேநீரை மறந்துவிடக் கூடாது. அதிலுள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணித்தியாலம் செல்லும்.

இதைக் கண்டறியத் தனியான இரத்தப் பரிசோதனை கிடையாது. எத்தனை மணிக்குப் படுத்தோம், எப்போது விழித்தோம் என்று 2 வாரங்கள் ஒரு கொப்பியில் எழுதிக் குடும்ப வைத்தியரிடம் கொண்டு செல்வதே பெரிய உதவி. பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

நித்திரை வராதவர் வழக்கமாகச் செய்வது நேரத்துடன் போய்ப் படுப்பது. அதுதான் நோயை வளர்க்கிறது. விழித்தபடி புரண்டு புரண்டு, கட்டில் என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடுகிறது. 2016 இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி முதற் சிகிச்சையாகப் பரிந்துரைத்த அறிதிறன் நடத்தைச் சிகிச்சை இந்தப் பழக்கத்தைத்தான் மாற்றுகிறது. 9 மணித்தியாலம் படுத்து 6 மணித்தியாலமே உறங்குபவர் நள்ளிரவு 12 க்குப் படுத்துக் காலை 6 க்கு எழும்ப வேண்டும். இடையில் சுமார் 20 நிமிடம் நித்திரை வராவிட்டால் எழுந்து வேறு அறையில் இருக்க வேண்டும். நித்திரை சீரானதும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முதல் வாரங்கள் கடினமானவை. பகலில் தூக்கம் அழுத்தும், வாகனம் ஓட்டுவோர் கவனம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

இனிக் குளிசைகள். எம் வீடுகளில் ஒருவரின் நித்திரைக் குளிசையை இன்னொருவர் வாங்கிப் போடுவது சாதாரணமாகிவிட்டது. இது ஆபத்து. சோபிக்குளோன் குளிசையின் ஆரம்ப அளவை கனடாச் சுகாதாரத் திணைக்களம் 2014 இல் 3.75 மில்லிகிராமாகக் குறைத்தது. அதன் மந்தம் மறுநாள் காலையிலும் நீடித்து வாகனம் ஓட்டுவதைப் பாதிக்கும் என்பதே காரணம். மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் கூட வயதான அம்மா, அப்பாவுக்குத் தடுமாற்றத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கக் கூடியது. இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். ஏற்கனவே நெடுநாளாகக் குளிசை பாவிப்பவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றிரவே திடீரென நிறுத்த வேண்டாம். வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.