சொத்தா, இரத்தமா? ஆங்கிலச் சொற்களில் ஒரு தெளிவு

பரம்பரைக் காணி, பரம்பரை நோய், பரம்பரைப் பிரபு என்று ஒரே சொல்லைக் கொண்டு தமிழிலே நாம் பல காரியங்களைப் பேசிவிடுகிறோம். அதையே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு சொல் வேண்டியிருக்கிறது. மாணவர் மாத்திரமல்ல, கந்தோரில் படிவம் நிரப்பும் பெற்றோரும் இதில் தடுமாறுவதுண்டு.

இறந்தவரிடமிருந்து சட்டப்படி வந்து சேரும் உடைமை 'இன்ஹெரிட்டன்ஸ்'. யாழ்ப்பாணத்தார் முதுசம் என்பதும், கண்டிச் சிங்களவர் பரவேணி என்பதும் இவ்வகையே. அதைப் பெறுபவர் 'எயர்'. (இச்சொல்லின் முதலெழுத்து எழுத மட்டுமே, உச்சரிப்பதில்லை.) இரத்தவழியைக் குறிப்பது 'டிசென்ட்'. அவ்வழியில் வந்தவர் 'டிசென்டன்ட்'. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குலவரிசை 'லினியேஜ்'. உயர்குடிப் பிறப்பு 'நோபிள் பர்த்'. 'பெடிகிரி' என்பதும் வம்சவரலாறுதான். ஆனால் நாய்க்கும் குதிரைக்கும் அதிகம் வழங்குவதால், பிறர் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது அதைத் தவிர்ப்பது நலம்.

எயரும் டிசென்டன்டும் ஒன்றுதானே என்பார்க்குக் கண்டி அரச வரலாறே விடை. 1739இல் வீர நரேந்திரசிங்கன் இறந்தபோது பட்டத்தரசிக்குப் பிள்ளை இல்லை. உனம்புவே பண்டார மன்னனின் மகன்தான். ஆனால் அவருடைய தாய் அரசகுலத்தவர் அல்லர். ஆகவே மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரர், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். பெற்ற மகன் டிசென்டன்ட், மைத்துனர் எயர்!

'ஹெரிட்டேஜ்' தனியொருவர் சொத்தன்று. கண்டி நகரம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையிலே நிற்கும் பழைய எஞ்சின்களும் ஹெரிட்டேஜ். அவற்றை யாரும் பங்குபோட முடியாது.

மலையகக் குடும்பங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய சொல் 'டிசென்ட்'. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, "நான் கடுகண்ணாவையிலே பிறந்தேன்" என்று சொன்னால் போதாது. சட்டம் வருமுன் பிறந்தவராயின் தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பூட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்குத் தோட்டத் தொழிலாளி எங்கே போவார்? அந்த ஒரு சொல்லினால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் டிசென்டன்டுகளுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது.

இங்கேதான் தமிழ் நம்மை ஏமாற்றுகிறது. 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்பதிலுள்ள வம்சாவளி, சட்டத்தின் ஆங்கிலத்தில் 'ஆரிஜின்'. முன்னோர் வந்த இடத்தைச் சொல்வது. 'வம்சாவளிப் பிரஜை' என்பதிலுள்ள வம்சாவளியோ 'டிசென்ட்'. பிரஜையான பெற்றோர் வழியாக வந்த உரிமையைச் சொல்வது. முன்பு தந்தைவழி மட்டுமே செல்லும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாய்வழியும் செல்லும். பிரஜாவுரிமை எவ்வாறு கிடைத்தது என்று படிவம் கேட்டால் ஆரிஜினை எழுதக் கூடாது. இந்திய ஆரிஜின் உடைய ஒருவர் இலங்கைக்கு 'பை டிசென்ட்' பிரஜையாக இருக்கலாம். ஒன்று மற்றதை மறுக்காது.