பகுதிநேர விற்பனையாளரும் முழுநேர விற்பனையாளரும்

பொருளீட்டும் தொழில் எதுவாயினும், பண்டத்தை ஆக்குதல் ஒரு பாதி. வேண்டுவார் கையில் அதனைச் சேர்த்தல் மறுபாதி. இம்மறுபாதியை ஏற்று நடத்துவோரை இக்காலத்து வணிகர் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் என்பர். நாம் விற்பனை அதிகாரி என்போம். சிறு முதலுடைய ஒருவர் இத்தகையாரை முழுநேரமும் அமர்த்துவதா, வாரத்திற் சில நாட்களுக்கு மட்டும் அமர்த்துவதா என்னும் வினா எளிதன்று. விடை தவறின் முதலும் கரையும். அமர்ந்தவர் பிழைப்பும் கெடும்.

திருக்குறளின் 47-ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை, தன் முதற் குறளிலேயே மூன்று அளவைகளைக் காட்டுகின்றது: ஒரு செயலாற் செலவாவது, அதனால் வருவது, பின்னர் அதன்வழியே விளையும் ஆதாயம். இம்மூன்றையுங் கொண்டு இவ்வினாவை ஆராய்வாம்.

முதலாவது, செலவு. சம்பளம் ஒன்றையே செலவென எண்ணலாகாது. முழுநேர ஊழியர்க்குச் சேமநிதிப் பங்கு, பணிக்கொடை, சம்பளத்தோடு கூடிய விடுமுறை முதலியனவும் உள. பணிக்கொடை மட்டுமே ஆண்டொன்றுக்கு 15 நாட் சம்பளமாகும். ஓர் உதாரணம் கொள்வாம். முழுநேர அதிகாரிக்கு எல்லாம் சேர்த்து மாதம் 70,000 ரூபாய் ஆகின்றது, வேலைநாள் 25. ஆகவே நாளொன்றுக்கு 2,800 ரூபாய். பகுதிநேரத்தார் மாதம் 8 நாள் வந்து, நாளொன்றுக்கு 4,000 ரூபாயாக 32,000 ரூபாய் பெறுகின்றார். நாட்கணக்கை நோக்குவார் முன்னவரை மலிவென்பர். மாதக்கணக்கை நோக்குவார் பின்னவரை மலிவென்பர். எத்தனை நாளைக்கு மெய்யாகவே வேலை உளது என்பதையே இருவரும் கேட்டிருத்தல் வேண்டும். 70,000-ஐ 4,000-ஆல் வகுப்பின் 17½ வரும். மாதம் 17 நாள் வரையில் வேலையிருப்பின் பகுதிநேரத்தாராற் செலவு குறையும். 18 நாளை எட்டின் முழுநேரத்தாராற் குறையும்.

இரண்டாவது, வரவு. விற்ற தொகை முழுவதும் வரவாகாது. கொள்முதல் கழித்து எஞ்சுவதே வரவு. நூற்றுக்கு 20 எஞ்சும் வாணிகத்தில், 70,000 ரூபாய் மீள்வதற்கே மாதம் 3,50,000 ரூபாய்க்குப் புதுவிற்பனை வேண்டும். 32,000 ரூபாய் மீள்வதற்கு 1,60,000 போதும். அவர் இல்லாவிடினும் வந்திருக்கக்கூடிய விற்பனையை இக்கணக்கிற் சேர்த்தல் கூடாது.

மூன்றாவது, பின்விளையும் ஆதாயம். இங்கேதான் முழுநேரத்தார் சிறக்கின்றார். வாடிக்கையாளரின் தேவையும் இயல்பும் நாள்தோறும் பழகுவார்க்கே நன்கு புலனாகும். ஒரு வேலையினின்று மற்றொன்றுக்கு மாறுங்கால் நேரம் வீணாதலை ஆதாம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலில் எடுத்துக்காட்டினார். பல கம்பெனிகளுக்கு உழைக்கும் பகுதிநேரத்தார்க்கு இது பொருந்தும். ஆயினும், பலவிடத்துப் பெற்ற அனுபவத்தை அவர் உடன் கொணர்வார் என்பதையும் மறத்தலாகாது.

இவ்விரு முறையும் ஒருங்கே நடத்தற்கு, 1956-இல் நிறுவப்பெற்ற இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் சான்றாகும். அதன் ஏஜெண்டுகள் கமிஷன் பெறுவோர். வேறு தொழில் செய்துகொண்டே பாலிசி சேர்ப்போரும் அவருள் உளர். அவர்களைத் தேர்ந்து பயிற்றும் வளர்ச்சி அதிகாரிகளோ சம்பளம் பெறும் முழுநேர ஊழியர். பயனை உடனே அளந்தறியத்தக்க வேலையைப் பகுதிநேரத்தார்க்கும், இடையறாது பேணவேண்டிய வேலையை முழுநேரத்தார்க்கும் பகுத்தளித்தல் தகுமென இதனால் அறிகின்றோம்.

ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் முதலிற் பகுதிநேரத்தாரை வரையறுத்த வேலைக்கு அமர்த்தி, வரவுசெலவை மாதந்தோறும் குறித்துவந்து, வேலை பெருகியபின் முழுநேரத்தாரை அமர்த்துதல் நன்று. பகுதிநேர ஊதியம் கொடுத்து முழுநேர உழைப்பை வாங்குவாரும் உலகில் உளர். அவர் கணக்கில் அது சிக்கனமாகத் தோன்றலாம். பிறன் உழைப்பைக் கூலியின்றிக் கொள்ளுதலுக்கு அறநூலார் இட்ட பெயர் வேறு. நாளை ஊழியராகவோ முதலாளியாகவோ அமரவிருக்கும் மாணவராகிய நாம் இவ்வேறுபாட்டை இன்றே தெளிந்துகொள்வோமாக.