உந்தம்: சொல்லும் பொருளும்

பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள் படிக்கும் நம் பிள்ளைகள், “நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் உந்தம்” என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். உந்தம் என்றால் என்ன என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். சொல்லின் வேர் தெரிந்தால் பாடம் தானே விளங்கும்.

உந்துதல் என்றால் தள்ளுதல். அதிலிருந்து வந்ததே உந்தம். பாம்பன் கரைக்குத் திரும்பும் வல்லம், எஞ்சினை அணைத்த பிறகும் சற்றுத் தூரம் ஓடிவரும். ஓடும் பொருளை இப்படித் தொடர்ந்து ஓடவைப்பதன் அளவே உந்தம். பாரம் கூடினாலும் வேகம் கூடினாலும் அதுவும் கூடும்.

எறிந்த கல், கையை விட்ட பின்னும் ஏன் பறக்கிறது? காற்றுதான் தள்ளுகிறது என்றார் அரிஸ்டாட்டில். இப்னு சீனா (980–1037) அதை ஏற்கவில்லை. எறிபவர் கல்லுக்கு ஒரு ‘மய்ல்’ கொடுக்கிறார், தடை ஏதும் இல்லையென்றால் அது தீராது என்றார். மய்ல் என்ற அரபுச் சொல்லுக்குச் சாய்வு, நாட்டம் என்று பொருள். தூரத்தைக் குறிக்கும் மைல் வேறு. மய்லும் இன்றைய உந்தமும் ஒன்றல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான்.

1687இல் நியூட்டன், நிறையையும் வேகத்தையும் சேர்த்து இதை ‘இயக்கத்தின் அளவு’ என்று வரையறுத்தார். அரபுப் பாடநூல்களில் வரும் ‘கம்மிய்யத்துல் ஹரகா’ என்பதற்கும் அதே பொருள்தான். மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கு ஹரகத் புதிதல்ல. ஜபர், ஜேர், பேஷ் பெற்ற எழுத்து அசையும். சுகூன் பெற்ற எழுத்து நிற்கும்.

இது பரீட்சைக்கு மட்டுமான பாடமன்று. 100 கிலோ பைக்கில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உந்தம் 1,600. அதே எடையுள்ள மூவர் ஏறினால் 2,800. வேகத்தையும் இரட்டித்தால் 5,600. பிரேக்கின் பலமோ அதேதான். வண்டி நிற்க அதிக நேரம் பிடிக்கும்.

பெற்றோர்களே, பைக் சாவியைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் இந்தக் கணக்கை அவனையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.