ஒரு கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது மந்திரிசபை அமையுமாறு

தாமிரபருணி நதியின் குறுக்கே கட்டப்பெற்ற எட்டு அணைகளுள் கடைசியாக உள்ளது ஸ்ரீவைகுண்டத்து அணை. அதன் இருமருங்கிலும் வடகால், தென்கால் என இரு பெருங்கால்கள் பிரிந்து செல்கின்றன. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஸ்ரீவைகுண்டம் தொகுதியில் சட்டசபை இடைத்தேர்தல் நிகழ்ந்த சமயம், அவ்வணையின்மேல் ஒரு மாலைப்பொழுது நின்றிருந்தேன். வடகால் பாசனத்தில் நிலமுடைய முதியவர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு வினாவை எழுப்பினார். "ஓட்டு வாங்கினவுக ஒரு கட்சி, ஆளுதவுக வேற கட்சி. குத்தம் சொல்லணும்னா யார்ட்டச் சொல்லது, தம்பி?" என்றார். "அண்ணாச்சி, அது பெரிய கேள்வி" என்று சொல்லி அப்போது ஒருவாறு தப்பித்துக்கொண்டேன். அரசியல் நூல் பயிலும் மாணவர் பலரும் பரீட்சைக்குப் படிக்கும்போது இவ்வினாவை இவ்வளவு நேராக எதிர்நோக்குவதில்லையாதலின், நம் கலாசாலைச் சஞ்சிகையில் அதைச் சற்று விரிவாக ஆராய விழைகின்றேன்.

முதியவர் கூறியதன் உண்மை இது. 2006-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டசபையின் 234 ஸ்தானங்களுள் திராவிட முன்னேற்றக் கழகம் 96 ஸ்தானங்களையே பெற்றது. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். அதனோடு உடன்பட்டுத் தேர்தலில் நின்ற காங்கிரஸ் 34 ஸ்தானங்களையும், பாட்டாளி மக்கள் கட்சி 18 ஸ்தானங்களையும், இரு கம்யூனிஸ்டுக் கட்சிகள் முறையே 9, 6 ஸ்தானங்களையும் பெற்றன. ஆகக் கூட்டணியின் தொகை 163. எனினும் மந்திரிசபை அமைந்தபோது அதில் இடம்பெற்றவர் யாவரும் ஒரே கட்சியினர். ஏனையோர் வெளியிலிருந்து ஆதரவு தந்தனர். ஸ்ரீவைகுண்டத்தார் தேர்ந்தெடுத்த பிரதிநிதி காங்கிரஸ் கட்சியினர். அந்த 34 பேருள் ஒருவர். 2009-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் வருவதற்குள் பாட்டாளி மக்கள் கட்சியும் இடதுசாரிகளும் எதிரணியிற் சேர்ந்துவிட்டமையால், 96-ஐயும் 34-ஐயும் கூட்டிய 130 என்னும் எண்ணே அம்மந்திரிசபையின் உயிர்நாடியாயிற்று. மந்திரி பதவி ஒன்றேனும் வகியாத 34 பேர் ஓர் அரசாங்கத்தைத் தாங்கி நின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, சட்டம் கூறுவது யாது? நம் அரசியல் சாசனத்தின் 164-ஆம் ஷரத்து மிகச் சுருக்கமானது. முதல் மந்திரியைக் கவர்னர் நியமிப்பார்; முதல் மந்திரியின் ஆலோசனைப்படி ஏனைய மந்திரிகளை நியமிப்பார்; மந்திரிசபையானது சட்டசபைக்குக் கூட்டாகப் பொறுப்புடையதாகும். எந்தக் கட்சியை அழைக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் பலத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்பன அங்கு இல்லை. தனிப்பெரும்பான்மை ஒரு கட்சிக்குக் கிட்டியவிடத்து இச்சுருக்கத்தால் இடர் ஒன்றும் இல்லை. ஒரு குமாஸ்தாவும் அவ்வேலையைச் செய்துவிடலாம். அது கிட்டாதவிடத்தே எல்லாச் சிக்கலும் தோன்றும்.

சென்னை ராஜதானியில் இச்சிக்கல் முதன்முதலாக வெளிப்பட்டது 1926-ஆம் ஆண்டில். அக்காலச் சட்டசபையில் 132 அங்கத்தினர். அவருள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர், 34 பேர் நியமிக்கப்பட்டோர். அவ்வாண்டுத் தேர்தலில் சுயராஜ்யக் கட்சியார் 41 ஸ்தானங்களைப் பெற்று முதலிடத்தில் நின்றனர். ஜஸ்டிஸ் கட்சிக்குக் கிடைத்தவை 21. முன்னவர் இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்னும் காங்கிரஸின் கொள்கையால் மறுத்தனர், பின்னவரும் உடன்படவில்லை. கவர்னர் கோஷன் பிரபு, கட்சிச் சார்பற்றவராகிய டாக்டர் பி. சுப்பராயனை அழைத்து மந்திரிசபை அமைக்கச் செய்தார். நியமன அங்கத்தினரின் ஆதரவும் சுயராஜ்யக் கட்சியாரின் பொறுமையுமே அதற்கு அடிப்படை. 1928-இல் சைமன் கமிஷனைப் பற்றிய தகராறில் சக மந்திரிகள் இருவர் ராஜீநாமாச் செய்ய, பனகல் அரசரின் ஜஸ்டிஸ் கட்சி துணைக்கு வந்தது. அதனால் மந்திரிசபை பிழைத்து 1930 வரை நீடித்தது. ஒரு தோளினின்று மறு தோளுக்கு மாறிய பல்லக்கைப் போன்று அது நடந்ததெனலாம். தூக்குவோர் மாறினர், உள்ளே இருந்தவர் மாறவில்லை.

இதனினும் படிப்பினை மிகுந்தது 1952-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. வயது வந்தோர் யாவரும் வாக்களித்த முதற்பொதுத் தேர்தல் அது. ஆந்திரப் பகுதியும் மலையாளப் பகுதியும் சேர்ந்திருந்த சென்னை ராஜ்யத்தின் சட்டசபையில் 375 ஸ்தானங்கள். காங்கிரஸ் பெற்றவை 152 மட்டுமே. முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோல்வியுற்றார். அவருடைய சக மந்திரிகள் பலரும் தோற்றனர். கம்யூனிஸ்டுகள் 62 ஸ்தானங்களுடன் இரண்டாவதாக நின்றனர். கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35. எதிர்க்கட்சியார் ஒன்று கூடி, ஐக்கிய ஜனநாயக முன்னணி என்னும் பெயரால் ஆந்திரகேசரி டி. பிரகாசத்தைத் தலைவராகத் தெரிந்தெடுத்து, தமக்கு 166 பேர் உளர் என்று உரிமை கோரினர். பெரும்பான்மைக்கு 188 தேவை. எனவே இரு தரத்தாருள் எவருக்கும் அவ்வெண் கிட்டவில்லை.

அப்போது கவர்னர் ஸ்ரீ பிரகாசர் ராஜகோபாலாசாரியாரை அழைத்தார். ராஜாஜி தேர்தலில் நின்றவரல்லர். அவரை மேல்சபைக்கு நியமன அங்கத்தினராக்கி, 1952 ஏப்ரல் 10-ஆந் தேதி முதல் மந்திரியாகப் பிரமாணம் செய்வித்தனர். நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி ஹைக்கோர்ட்டுக்குச் சென்றார், வழக்குத் தள்ளுபடியாயிற்று. கோர்ட்டில் வென்றதனால் நியாயமும் வென்றுவிட்டதென்று நான் கருதவில்லை. மக்கள் முன் நில்லாத ஒருவரை, பெரும்பான்மை பெறாத ஒரு கட்சிக்குத் தலைவராக்கி, அவர் பலத்தைப் பின்னர்த் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டது வரிசை மாறிய செயலே. ஆயினும், பிரகாசத்தின் முன்னணியோ தேர்தலுக்குப் பின் கூடியது. தேர்தலில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்களும் அதில் இருந்தனர். அதை அழைத்திருப்பின் எத்தனை நாள் நின்றிருக்கும் என்ற ஐயத்தையும் ஒதுக்க இயலாது.

152 எவ்வாறு பெருகிற்று? தென்னாற்காட்டில் வலுப்பெற்றிருந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 பேர். அதன் தலைவர் எஸ். எஸ். ராமசாமிப் படையாட்சியார். வடாற்காட்டைச் சார்ந்த காமன்வீல் கட்சிக்கு 6 பேர். அதன் தலைவர் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர். நாயக்கர் ராஜாஜியின் மந்திரிசபையில் இடம்பெற்றார். படையாட்சியார் கட்சி மந்திரி பதவியின்றி ஆதரவளித்தது. இவ்விரண்டையும் கூட்டினும் 177 ஆகின்றதேயன்றி 188 ஆகவில்லை. எஞ்சியதைச் சுயேச்சைகளும் சிறு கட்சிகளினின்று வந்தோரும் நிரப்பினர். ஜூலை மாதம் சபையில் நம்பிக்கை வாக்கு எடுக்கப்பட்டபோது 200 பேர் ஆதரவாகவும் 151 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஏப்ரல் மாதத்தில் இல்லாத பெரும்பான்மை ஜூலை மாதத்தில் இருந்தது. கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985-இல் வந்ததாதலின், அக்காலத்தில் ஓர் அங்கத்தினர் இப்புறத்தினின்று அப்புறம் செல்வதற்குத் தடை யாதும் இல்லை என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

பின்னர் நிகழ்ந்ததையும் கூறிவிடுகின்றேன். 1954-இல் ராஜாஜி விலகிக் காமராஜர் முதல் மந்திரியானபோது படையாட்சியாரும் மந்திரியானார். இரு கட்சிகளும் நாளடைவில் காங்கிரஸிலேயே கலந்து மறைந்தன. பெரிய கட்சியோடு கூடும் சிறு கட்சிக்குப் பெரும்பாலும் நேரிடும் கதி அது. கடலிற் கலந்த வாய்க்கால் நீரை வேறு பிரித்தறிதல் ஏலாது.

1967-ஆம் ஆண்டு ஸ்ரீவைகுண்டத்தாருக்கு நெருங்கிய ஆண்டு. அத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் சுதந்திரா, முஸ்லிம் லீக், மார்க்ஸிஸ்டு முதலிய பல கட்சிகளோடு உடன்படிக்கை செய்து நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் வென்றவர் சி. பா. ஆதித்தனார், அவரே புதிய சட்டசபையின் சபாநாயகருமானார். எனினும் அண்ணாதுரையின் கழகத்துக்குத் தனியாகவே பெரும்பான்மை கிடைத்துவிட்டமையால், தேர்தலில் கூட நின்ற கட்சிகளுக்கு மந்திரி பதவி அளிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அதே ஆண்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தில் இ. எம். எஸ். நம்பூதிரிபாட் ஏழு கட்சிகளைச் சேர்த்து மந்திரிசபை அமைத்தார். தேர்தலில் ஓட்டுக்களைப் பங்கிடும் உடன்படிக்கை வேறு, பொறுப்பைப் பங்கிடும் கூட்டு மந்திரிசபை வேறு. கேரளத்தார் இரண்டாவதில் பழகினர். தமிழ்நாடு முதலாவதிலேயே கைதேர்ந்தது.

கவர்னர்கள் செய்த தவறுகள் பலவற்றைக் கண்டபின், 1988-இல் வெளியான சர்க்காரியா கமிஷன் அறிக்கை ஒரு வரிசையைக் காட்டியது. தேர்தலுக்கு முன்பே கூடிய கூட்டணியை முதலில் அழைக்க வேண்டும். அதன்பின், பிறர் ஆதரவோடு பலம் காட்டும் தனிப்பெருங் கட்சியை. அதன்பின், தேர்தலுக்குப் பிறகு கூடி எல்லாரும் மந்திரிசபையில் சேரும் கூட்டணியை. கடைசியாகவே, சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் நிற்கும் கூட்டணியை. 1994-இல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, மந்திரிசபையின் பலம் கவர்னர் மாளிகையிலன்று, சட்டசபையிலேயே அளக்கப்படவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1952-இல் இவ்வரிசை இருந்திருப்பின் கவர்னர் செய்தது சரியாகியிருக்குமா என்பதை வகுப்பில் விவாதித்துப் பார்க்கலாம். என் வகுப்பில் ஒவ்வொரு முறையும் மாணவர் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றனர்.

அவ்வரிசையில் வெளியாதரவு கடைசியில் வைக்கப்பட்டது ஏன்? மந்திரிசபையின் கூட்டுப்பொறுப்பு வெளியே நிற்பவரைக் கட்டுப்படுத்தாது. நல்லது நடந்தால் பங்கு கேட்கவும், கெட்டது நடந்தால் கைகழுவவும் அவருக்கு வழியுண்டு. 1991-இல் சந்திரசேகர் மந்திரிசபை, வெளியே நின்ற காங்கிரஸின் பிணக்கால் சில மாதங்களுக்குள் முடிந்தது. 2008-இல் அணுசக்தி உடன்படிக்கையை முன்னிட்டு இடதுசாரிகள் ஆதரவை விலக்கியபோது, மன்மோகன் சிங் ஜூலை 22-இல் 275-க்கு 256 என்ற வாக்குகளால் தப்பினார். உள்ளே இருப்போர் மட்டும் நிலைத்து நிற்பரோ எனின், அதுவும் இல்லை. வாஜ்பாயி மந்திரிசபையில் இடம்பெற்றிருந்த அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் விலகியதன் பயனாக, 1999 ஏப்ரல் 17-இல் அது ஒரே ஒரு வாக்கால் கவிழ்ந்தது. ஆயினும் உள்ளே இருந்தவர் விலகும்போது பதவியையும் துறக்க நேரிடுகின்றது. காரணத்தைச் சொல்லவும் நேரிடுகின்றது. ஜெர்மனியில் கட்சிகள் கூட்டு அமைக்குமுன் வாரக்கணக்கில் பேசி, விரிவான ஒப்பந்தத்தை எழுதி வெளியிடுகின்றன. 2013-லும் 2018-லும் சோஷியல் டெமாக்ரட் கட்சி அதைத் தன் அங்கத்தினர் யாவருடைய வாக்குக்கும் விட்டது. நம் நாட்டில் 2004-இல் குறைந்தபட்சப் பொதுத்திட்டம் என்று ஒன்றை எழுதி வெளியிட்டது அவ்வழியில் வைத்த ஓரடி.

அணைமேல் வினவிய முதியவரை மறுமுறை கண்டபோது என் மறுமொழியைக் கூறினேன். மந்திரி எக்கட்சியினராயினும், ஒவ்வோராண்டும் வரவு செலவுத் திட்டம் சட்டசபையில் வாக்குக்கு வருகின்றது. அதற்குக் கை தூக்கியவருள் ஸ்ரீவைகுண்டத்து அங்கத்தினரும் ஒருவர். அவர் தூக்காவிடில் மந்திரி இல்லை. ஆகையால் குறையை முதலில் அவரிடமே கேட்கலாம் என்றேன். "அவுக, எங்க கட்சி வெளியேதான இருக்குன்னு சொல்லுவாக" என்றார் முதியவர். "நீங்க கை தூக்கினது உள்ளேயா, வெளியேயான்னு கேளுங்க, அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, வடகாலில் தூர் வாராமற் கிடக்கும் இடத்தைக் காட்டுவதற்காக என்னைக் கரைவழியே அழைத்துச் சென்றார்.