முயலுக்கு வரும் தடிமன்: மருந்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

சொந்தக் காணியை விட்டு வந்த குடும்பங்களுக்கு முயல் வளர்ப்பு ஏற்ற ஒரு முயற்சியாகும். மாட்டுக்கு வேண்டிய மேய்ச்சல் நிலம் இதற்குத் தேவையில்லை. நான்கு கூடுகள் வைக்க ஒரு மர நிழல் போதும். புல்லும் இலைகுழையும் தீனியின் பெரும்பகுதியாகும். சினைப்பட்ட பெண் முயல் ஏறக்குறைய 31 நாட்களில் குட்டி போடும். ஆனால், நன்றாகப் பெருகி வந்த முயல்கள் பின்னர் ஒவ்வொன்றாக மெலிந்து இறந்துபோவதும் உண்டு. இதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று தடிமன். அதைப் பற்றி இம்முறை படிப்போம்.

நோயை இனங்காணல்

முயல் தும்முவதெல்லாம் நோயல்ல. தவிட்டை உலர்ந்த தூளாகக் கொடுத்தாலும் தும்மும். தவிட்டில் சிறிது தண்ணீர் தெளித்துக் கொடுத்தால் அது நின்றுவிடும்.

நோயுள்ள முயலின் மூக்கில் வெள்ளை அல்லது மஞ்சள் நிறச் சளி வடியும். முன்னங்கால்களால் அது மூக்கைத் துடைத்துக்கொள்வதால், கால்களின் உட்புற மயிர் சளி காய்ந்து சடைபிடித்திருக்கும். முயல் வாங்கும்போது மூக்கை மட்டும் பார்க்காமல் முன்னங்கால்களையும் திருப்பிப் பார்க்க வேண்டும். மூக்கைத் துடைத்துவிடலாம்; சடைபிடித்த மயிரை மறைப்பது கடினம்.

இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது பாஸ்டுரெல்லா என்னும் பக்டீரியா. இது மூக்கிலிருந்து நுரையீரலுக்கும் காதுக்கும் கருப்பைக்கும் பரவக்கூடும். காதின் உட்பகுதியைத் தாக்கினால் தலை ஒரு பக்கம் சரிந்துவிடும். முயல் இயல்பாக மூக்கினாலேயே சுவாசிக்கும் பிராணி. அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிலைமை மிகவும் கடுமையானது.

மருந்தின் எல்லை

மருந்து கொடுத்ததும் சளி காய்ந்துவிடலாம். ஆயினும் பக்டீரியா மூக்கின் உட்குழிகளில் மறைந்திருக்கும். குட்டி போடும் களைப்பு, கடும் வெயில், பயணம், நெருக்கம் என்பன முயலைத் தளர்த்தும்போது நோய் திரும்பவும் வெளிப்படும். ஆகவே, தும்மல் நின்ற முயலைச் சுகமான முயல் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னோர் எச்சரிக்கை: வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின், அம்பிசிலின், பென்சிலின் குளிசைகளை முயலுக்கு ஒருபோதும் ஊட்ட வேண்டாம். அவை முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, கழிச்சலை உண்டாக்கிக் கொன்றுவிடக்கூடும். மிருக வைத்தியரைக் கேட்டே மருந்து கொடுக்க வேண்டும்.

கூட்டின் காற்று

சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயு மூக்கின் உட்தோலைப் புண்படுத்தி நோய்க்கு வழி திறக்கின்றது. கூட்டருகே குந்தியிருந்து, முயலின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நமது மூக்கு எரிந்தால், இரவுபகலாக அங்கேயே இருக்கும் முயலின் நிலை என்ன?

கூட்டை நிலத்திலிருந்து 3 அடி உயர்த்தி, கீழே விழும் எருவை அடிக்கடி அள்ளித் தோட்டத்துக்கு இடுங்கள். ஈரமான சிறுநீரின்மேல் சாம்பலோ சுண்ணாம்போ தூவ வேண்டாம். அமோனியா இன்னும் கூடுதலாக எழும். உலர்ந்த மணல் போடலாம். மழைக்காலத்தில் தறப்பாளால் நான்கு பக்கமும் மூடிக் கட்டுவதும் தவறு. காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, மற்றப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். கூரைக்குக் கிடுகு நல்லது. தகரம் வெப்பத்தைக் கூட்டும்.

இனப்பெருக்கத்தில் கட்டுப்பாடு

1. புதிதாக வந்த முயலை ஒரு மாதம் தூரத்தில் வைத்து, மற்றவற்றுக்குத் தீனி போட்ட பின்னரே அதைக் கவனியுங்கள்.

2. இணை சேர்க்கும் நாளில் இரண்டின் மூக்கையும் முன்னங்கால்களையும் பாருங்கள். ஐயமிருந்தால் சேர்க்க வேண்டாம்.

3. பெண்ணை ஆணின் கூட்டுக்கே கொண்டு செல்ல வேண்டும். ஆணைப் பெண்ணின் கூட்டில் விட்டால் பெண் கடித்துச் சண்டையிடக்கூடும்.

4. ஊருக்கெல்லாம் ஒரே ஆண் முயலை இரவல் கொடுக்கும் வழக்கத்தைத் தவிருங்கள். ஒரு வீட்டு நோய் பத்து வீட்டுக்குப் போக அதுவே பாதையாகும்.

5. சேர்த்த நாளைக் குறித்து வைத்து, 28ஆம் நாள் குட்டிப் பெட்டியை வையுங்கள். பழைய பெட்டியாயின் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும்.

6. தடிமன் உள்ள தாயிடமிருந்து குட்டிகளுக்கு நோய் தொற்றும். அக்குட்டிகளை இனத்துக்கு வைக்க வேண்டாம்.

நோயுள்ள முயலை என்ன செய்வது?

கடினமான கேள்வி இதுதான். ஒரு தடவையில் எட்டுக் குட்டி போடும் முயலை விலக்க மனம் வராது. ஆனால், அந்த ஒன்றைக் காப்பாற்றப்போய் எல்லாவற்றையும் இழக்க நேரிடலாம். உடனே அதைத் தனியே பிரித்து, இனப்பெருக்கத்திலிருந்து நீக்குங்கள். சீழ்க்கட்டி உள்ளதையும் மெலிந்ததையும் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதையும் உணவாக்க வேண்டாம். மூக்கைத் துடைத்துச் சந்தைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அதை வாங்குபவரும் நம்மைப்போல் மீண்டும் தொடங்க முயலும் ஒரு குடும்பத்தவரே.

குழுவாகச் சிந்திக்க

• நமது கூடுகளில் எத்தனை முயல்களின் முன்னங்கால் மயிர் சடைபிடித்திருக்கின்றது?

• ஆண் முயலை இரவல் வாங்காமல் இருக்க, இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து என்ன செய்யலாம்?

• நோயால் தாய் முயலை இழந்த குடும்பத்துக்கு, நோயற்ற கூட்டிலிருந்து ஒரு பெண் குட்டியைக் கொடுக்க நமது குழு முன்வருமா?