கிணற்று நீர்மட்டத்தைக்கொண்டு நிலத்தடி நீரூட்டத்தை மதிப்பிடல்

சப்பிரகமுவ மாகாணத்தில் மழைக்குக் குறைவில்லை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்கின்றது. எனினும், தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் அடிவாரத்தில் மரக்கறி பயிரிடுவோர் தை, மாசி மாதங்களிற் கிணறு வற்றக் காண்பதுண்டு. பெய்த மழையில் ஒரு பகுதி சரிவில் ஓடிக் களு கங்கையையோ களனி கங்கையையோ சேரும். ஒரு பகுதி ஆவியாகும். எஞ்சியதே நிலத்தினுள் இறங்கி ஊற்றுக்கு உதவும். அவ்வளவைக் கமக்காரர் தமது கிணற்றைக்கொண்டே மதிப்பிடலாம்.

கிணற்றுக் கட்டில் அழியாத குறியொன்று இடுக. வாரத்துக்கொருமுறை, விடியற்காலையில், எவரும் நீர் அள்ளுமுன், அக்குறியிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை அளந்து, திகதியுடன் கொப்பியிற் குறித்துக்கொள்க. கல் கட்டிய கயிறே போதும். ஆனால், நனைந்தால் நீளும் கயிறு உதவாது.

உதாரணமாக, பங்குனிக் கடைசியில் ஆழம் 5.0 மீற்றர். நான்கு வார மழையின்பின் 3.4 மீற்றர். உயர்வு 1.6 மீற்றர் என முடிவுசெய்வது தவறாகும். மழைக்கு முன் மட்டம் வாரத்துக்கு 0.1 மீற்றர் வீதம் இறங்கிவந்ததாயின், மழையின்றேல் அது 5.4 மீற்றருக்குச் சென்றிருக்கும். ஆகவே உண்மையான உயர்வு 2.0 மீற்றர்.

இவ்வுயர்வு முழுவதும் நீரன்று. நிலத்தினுள் மண்ணும் கல்லுமே பெரும்பாகம். வடிந்து வெளிவரக்கூடிய நீர் சிறுபாகம். இந்தியாவில் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக்கென 1997 இல் வகுக்கப்பட்ட முறையில், இப்பங்கு மணற்பாங்கான வண்டலுக்கு நூற்றுக்கு 16 எனவும், கபுக்கல் எனப்படும் செம்பூரான் கல்லுக்கு 2.5 எனவும், களிமிகுந்த உக்கிய கருங்கற்பாறைக்கு 1.5 எனவும் கொள்ளப்பட்டது. நமது மேட்டுக் கிணறுகள் பெரும்பாலும் பின்னைய இரு வகைகளில் வெட்டப்பட்டவை. மண்ணைத் தோண்டித் தகரத்திலிட்டு நீர் வடித்துப் பார்ப்பாருமுளர். இளகிய மண் கூடுதலான நீரை விடுமாதலின் அது நம்பத்தக்கதன்று.

2.0 மீற்றரை 2.5 ஆற் பெருக்கி நூறால் வகுத்தால் 50 மில்லிமீற்றர் நீரே கிடைக்கும். அந்நான்கு வாரங்களில் 400 மில்லிமீற்றர் மழை பெய்திருந்தால், எட்டிலொரு பங்கே நிலத்தடியைச் சேர்ந்தது. ஓர் ஏக்கரின் கீழ் இது ஏறக்குறைய 200 கனமீற்றர் ஆகும். மரக்கறிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் தேவை எனின், அதே ஏக்கருக்குப் பத்து நாட்களுக்கே இது போதும். ஓராள் உயரத்துக்கு மேல் நீர் ஏறிய கிணற்றைக் கண்டு இறைக்கும் பொறியை நாள் முழுவதும் ஓடவிடுவோர் இக்கணக்கை ஒருமுறை செய்து பார்த்தல் நலம். மேற்சரிவிலிருந்து கசிந்துவரும் நீரும் கிணற்றுக்கு உதவுமென்பது உண்மையே. எனினும், அதிலும் ஒரு பங்கு பள்ளத்து வயலுக்கும் ஓடைக்கும் வடிந்துவிடும்.

அளக்கும் கிணறு தக்கதாயிருத்தல் வேண்டும். வயலோரக் கிணற்றின் மட்டம் வயலில் தேங்கிய நீரோடு ஏறியிறங்கும். மாணிக்கக்கற் குழிகளில் இரவு பகலாக நீர் இறைக்கப்படும் இடங்களில், அருகிலுள்ள கிணறு மழை பெய்தும் ஏறாதிருக்கலாம். இத்தகைய கிணறுகளை விடுத்து, மேட்டில், குறைவாக அள்ளப்படும் ஒன்றைத் தெரிக. நீரூட்டத்தை அறிய நான்கு வார அளவு போதுமாயினும், ஓராண்டுக் குறிப்பு இருந்தாற்றான் தை மாதத்தில் எவ்வளவு நிலத்திற் கத்தரியோ போஞ்சியோ இடலாமென்பதை முன்கூட்டியே தீர்மானிக்க முடியும்.