மேனேஜரான தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உனக்குப் பதவி உயர்வு வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். வாழ்த்தை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். “நேத்து வரைக்கும் அண்ணேன்னு கூப்பிட்ட ஆளுகிட்ட, உங்க வேலை சரியில்லன்னு நாளைக்கு நான் எப்படிக்கா சொல்ல?” என்று எழுதியிருந்தாய்.

சென்னையில் மேனேஜர் ஆகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பாதிதான். சாயங்காலம் லிஃப்டை விட்டு இறங்கியதும் அவரவர் வழியில் போய்விடுவார்கள். தென்காசியில் அது நடக்காது. உன் டீமில் ஒருவர் நீ படித்த பள்ளியில் உனக்கு மூத்தவர். ஒரு பெண் உன் அத்தை ஊர்க்காரி. மத்தியானம் ரிவ்யூவில் நீ சொன்ன வார்த்தை, நீ வீடு சேருமுன்னே மேலகரத்துக்குப் போய்விடும். அதனால் மேனேஜர்களுக்கென்று எழுதப்பட்ட புத்தகங்களில் பாதி உனக்குப் பொருந்தாது.

2011இல் ஜோஹோ நிறுவனம் தென்காசியில் சின்னதாக ஓர் அலுவலகம் திறந்தபோது, இந்த ஊரில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுத முடியுமா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். மத்தளம்பாறை வளாகம் வந்தது, தென்காசி டீமின் கையில் ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் வளர்ந்தது, அந்தப் பேச்சும் அடங்கியது. இன்றைக்கு இங்கே கோடிங் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களை வளர்த்து வேலை வாங்கத் தெரிந்தவர்கள், அதுவும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், இன்னும் நிறைய வேண்டும். அப்படி ஓர் இடத்துக்கு நீ வந்திருக்கிறாய் என்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உன் கைப்பழக்கத்தைப் பற்றி. நீ நன்றாக புரோகிராம் எழுதுவாய், அதைப் பார்த்துத்தான் பதவி தந்தார்கள். முதல் ஆறு மாதம் உன்னை அதிகம் கெடுக்கப்போவதும் அந்தத் திறமைதான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டிக்கெட் வரும்: அமெரிக்க வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட்டில் தேதி ஒரு நாள் தள்ளி விழுகிறது. அந்த புரோகிராமை எழுதிய அண்ணன் கடையநல்லூர் பஸ் ஏறிவிட்டார். தப்பு எங்கே என்று உனக்குப் பார்த்தவுடன் தெரியும், உள்ளூர் நேரத்துக்கு மாற்றுகிற இடத்தில் ஒரே ஒரு வரி. இருபது நிமிஷத்தில் திருத்தி ஏற்றிவிடலாம். ஏற்றினாய் என்றால், மறுநாள் அவர் வந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த தடவை சோதித்துப் பார்க்காமல் அனுப்புவார். சோம்பல் என்று நினைக்காதே, அந்த புரோகிராம் இனி தன்னுடையது இல்லை என்று அவர் மனதுக்குப் பட்டுவிட்டது. மூன்று மாதம் போனால் எல்லோருடைய வேலையும் உன் மேஜைக்கு வந்து சேரும், வீட்டில் உன் சாப்பாடு ஆறிக்கிடக்கும்.

அந்த ராத்திரி நீ செய்ய வேண்டியது, நாளைக்குள் சரியாகிவிடும் என்று வாடிக்கையாளருக்கு எழுதுவதும், அண்ணனுக்கு போன் போட்டு டிக்கெட்டைச் சொல்வதும்தான். எந்த வரி என்று சொல்லாதே. காலையில் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார். அவர் தேடட்டும். உன் கண் அந்த வரியிலேயே நிற்கும், கை பரபரக்கும். வாயைத் திறக்காமல் இரு. உனக்கு வந்திருக்கிற புது வேலையில் கஷ்டமான பகுதி அதுதான். சர்வரே விழுந்து கிடந்தால் கதை வேறு, அன்றைக்கு நீயும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

கூகுள் 2008 வாக்கில் தன் மேனேஜர்களைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியது. நல்ல மேனேஜரிடம் இருக்கும் எட்டு விஷயங்களை வரிசைப்படுத்தியபோது, பிறருக்குக் கற்றுக்கொடுத்து வளர்ப்பது முதலில் வந்தது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது. பட்டியலில் அதுவும் இருக்கிறது, ஆகவே உன் படிப்பை விட்டுவிடாதே; ஆனால் வரிசையை மனதில் வை.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த டி.கே.சி.யை உனக்குத் தெரியும், ரசிகமணி. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறர் எழுதிய பாட்டில் உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தொட்டுக் காட்டுவார், அதனாலேயே அவர் பெயர் நின்றது. இனி உன் வேலை பெரும்பாலும் அந்த வேலைதான். “சூப்பர்ணே” என்று சொல்லிவிட்டுப் போவதில் யாருக்கும் ஒன்றும் சேராது. “அந்த எரர் மெசேஜ்ல, அடுத்து என்ன செய்யணும்னு ஒரு வரி போட்டிருந்தீங்களே, அதைப் பாத்தே பாதிப் பேரு நம்மளைக் கூப்பிடாம சரிபண்ணிக்கிட்டாங்க” என்று சொல். தான் செய்ததை ஒருத்தி உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

டி.கே.சி.யிடம் இன்னொரு பக்கமும் உண்டு. கம்பராமாயணத்தில், இது கம்பன் வாக்காக இருக்காது என்று தமக்குப் பட்ட பாடல்களைத் தள்ளினார், சில இடங்களில் சொல்லையே மாற்றினார். புலவர்கள் கொதித்தார்கள். அவருடைய ரசனைக்கு நான் அடிமை, ஆனால் திருத்திய விஷயத்தில் புலவர்கள் கட்சி. உனக்கும் இந்த ஆசை வரும். ஒழுங்காக ஓடுகிற புரோகிராமை, ‘நான் எழுதியிருந்தால் இப்படி எழுதமாட்டேன்’ என்பதற்காக மாற்றச் சொல்வாய். தப்பு இருந்தால் மாற்றச் சொல். உன் கைவாகு இல்லை என்பது மட்டும்தான் குறை என்றால் அப்படியே விட்டுவிடு.

சரி, நீ கேட்டிருந்த அந்த அண்ணன் விஷயம். அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தாதே. திடீரென்று சார் போட்டால் உறவும் போகும், வேலையும் நடக்காது. சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல், அந்த வாரமே சொல், ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் சொல். “அண்ணே, இந்த ரெண்டு ரிலீஸ்லயும் டெஸ்ட் எழுதாம வந்திருக்கு. எனக்கு அது சம்மதமில்ல. என்ன தடங்கல்?” இவ்வளவு போதும். அதற்குப் பிறகு அவர் பேசட்டும். சின்னப் பிள்ளை, அதிலும் பொம்பளப் பிள்ளை சொல்லி நான் கேட்கணுமா என்று அவர் முகத்தில் ஓடலாம். ஓடட்டும். நீ குரலை உயர்த்தவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கிற தொனியும் வேண்டாம். அப்ரைசல் தாளில்தான் ஒருவர் தன் குறையை முதன்முதலாகப் படிக்கிறார் என்றால், அந்த வருஷம் முழுக்க மேனேஜர் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது மாமா, “அவனுக்குக் கொஞ்சம் பாத்துப் போடு தாயி” என்பார். “அவுககிட்ட நான் பேசிக்கிடுதேன் மாமா” என்று சொல்லி, இலையில் என்ன வேண்டும் என்று கேள். ஆபீஸ் பேச்சை அங்கே ஒரு வார்த்தைகூட நீட்டாதே.

ஊர்க்காரியாக இருப்பதில் உனக்கு ஒரு பெரிய அனுகூலமும் உண்டு. லீவுக் கணக்கைத்தான் சொல்கிறேன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் நம் பக்கம் எத்தனை இருக்கிறது? பின்னாலேயே கோயில் கொடைகள் வரும். சாரல் விழுந்துவிட்டால் வீட்டுக்கு வீடு விருந்தாளி, அருவிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். வெளியூரில் இருந்து வரும் விடுமுறைப் பட்டியலில் இதெல்லாம் இருக்காது. வருஷத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும், உங்க ஊர்ல செவ்வாய்க் கொடையா, வெள்ளிக் கொடையா, எந்த வாரம் என்று கேட்டு எழுதிக்கொள். ரிலீஸ் தேதியை அதைப் பார்த்து வை. கொடைக்குப் போக விடாத மேனேஜருக்காக யாரும் மனதோடு உழைக்கமாட்டார்கள். கேட்காமலே தேதியைத் தள்ளிவைத்தவளுக்கு, தேவைப்படும் அன்று ராத்திரி பன்னிரண்டு வரை உட்காருவார்கள்.

வாரம் ஒரு தடவை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேசு. டீக்கடை வரை நடந்துகொண்டு பேசினாலும் சரி. வேலை நெருக்கடி என்று முதலில் ரத்து செய்யத் தோன்றுவது இதைத்தான், அதனால் காலண்டரில் போட்டுவை.

ஒரு வருஷம் இப்படி நடந்து பார். அதற்குப் பிறகும் காலையில் எழுந்தால் மனசு புரோகிராமுக்கே ஓடுகிறது, ஆட்களோடு பேசுவது பாரமாகவே இருக்கிறது என்றால், தயங்காமல் பழைய வேலையைத் திரும்பக் கேள். 2025 ஜனவரியில் ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டு, ஆராய்ச்சியில் முழு நேரமும் இருக்க வேண்டும் என்று தலைமை விஞ்ஞானி ஆனார். வீட்டில் அப்பாவுக்கு மட்டும் இதைப் புரியவைக்கக் கொஞ்ச நாள் ஆகும், நான் வந்து சொல்கிறேன்.

முதல் அப்ரைசல் எழுதி அனுப்புவதற்கு முன்னால் ஒரு ராத்திரி போன் போடு. பெயர்களை விட்டுவிட்டு வாசித்துக் காட்டு, கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா